தேரிக்காடு பாலைவனமா? அங்கே போனால் எதைப் பார்ப்பது?

கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு திருச்செந்தூர் வரப்போகிற ஒருவர் கேட்டிருக்கிறார்: “திருச்செந்தூர் பக்கத்தில் தமிழ்நாட்டின் செம்மண் பாலைவனம் இருக்கிறதாம், தேரிக்காடு என்கிறார்கள். நிஜமாகவே பாலைவனமா? ஒரு காலத்தில் கடலாக இருந்த இடமா? மணலைத் தவிர அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா?” கேள்வி மூன்றாக இருந்தாலும் கேட்க நினைத்தது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அரை நாள் ஒதுக்கி வண்டியைத் திருப்பும் அளவுக்கு அந்த மண்ணில் விஷயம் உண்டா? உண்டு. ஆனால் எல்லோரும் போய் நிற்கிற மணல்மேட்டின் நடுவில் அதைத் தேடினால் கிடைக்காது. தேரியின் ஓரத்தில் தேட வேண்டும். ஏன் ஓரம் என்று சொல்ல, முதலில் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

நான் நிலவியல் படித்து, நிலத்தடி நீர் வேலையில் காலத்தை ஓட்டியவன். சொந்த ஊர் உடன்குடிக்குப் பக்கம். அதனால் மண், தண்ணீர் பற்றிச் சொல்வதைத் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். கோவில் கதைகளை ஊர்க்காரனாகவும், தொல்லியல் சமாச்சாரத்தை வெறும் வாசகனாகவும்தான் சொல்ல முடியும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தேரி என்பது ஒரே இடம் கிடையாது. பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், கடலை ஒட்டி, விட்டுவிட்டுக் கிடக்கும் செம்மணல் மேடுகள் எல்லாமே தேரிதான். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது இவற்றில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது. காயாமொழிக்கும் உடன்குடிக்கும் நடுவே கிடப்பது குதிரைமொழித் தேரி. நீங்கள் படங்களில் பார்த்தது பெரும்பாலும் இதைத்தான். 12,000 ஏக்கர் என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லையை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். தெற்கே சாத்தான்குளம் வட்டாரத்தில் இன்னொரு திட்டு, அதற்கும் தெற்கே இன்றும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருக்கிற இடையன்குடிப் பக்கம் இன்னொன்று. மாவட்டக் கோடு எங்கே போனால் என்ன, பேச்சிலும் சாப்பாட்டிலும் சம்பந்தம் பண்ணுவதிலும் இது எல்லாமே நெல்லைச் சீமைதான்.

சரி, பாலைவனமா? மழைக் கணக்கை வைத்துப் பார்த்தால் இல்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தைத்தான் பொதுவாகப் பாலை என்பார்கள். இந்த வட்டாரத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேலேயே பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வெறுங்கையோடு வருகிறது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான் தேரி மணலையும் தூக்கிப் போடுகிறது. ஆக, ஆனி ஆடியில் வந்து பார்ப்பவனுக்கு இது பாலை மாதிரிதான் தோன்றும். கார்த்திகையில் வந்தால் மேட்டின் மேலே பசும்புல் தலை காட்டியிருக்கும். பார்க்க வறண்டு கிடப்பதற்குக் காரணம் வேறு. பெய்கிற மழை பெரும்பாலும் மணலின் மேல் ஓடுவதும் இல்லை, தேங்குவதும் இல்லை. விழுந்த இடத்திலேயே இறங்கிவிடுகிறது. அடியில் களிகலந்த கெட்டி மண்ணோ, பாறையோ, கடற்கரை ஓரத்துச் சுண்ணாம்புக் கல்லோ தடுக்கும் வரை போகிறது. அங்கே நின்று, பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து, மேட்டின் அடிவாரத்தில் பெரிய மண்பானையின் அடியில் ஈரம் கசிவது போலக் கசிகிறது. எங்கள் தொழிலில் தேரியைப் பாலைவனம் என்று யாரும் சொல்வதில்லை. நிலத்தடி நீரை ஊட்டும் இடம் என்றுதான் வரைபடத்தில் குறிப்போம்.

மண் எங்கிருந்து வந்தது என்பதில் உறுதியானதையும் இழுபறியானதையும் பிரித்துச் சொல்கிறேன். காற்றுதான் இதைக் குவித்தது என்பதில் சந்தேகமே இல்லை. துகள்களின் அளவு, மேட்டின் வடிவம் எல்லாமே அதைச் சொல்கின்றன. சிவப்புக்குக் காரணம் இரும்பு என்பதும் உறுதி. ஒவ்வொரு மணல் துகள் மேலும் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. இழுபறி எங்கே என்றால், காற்று எந்தத் திசையிலிருந்து தூக்கி வந்தது என்பதில். நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண் சமவெளியைச் சுரண்டிக் கொண்டுவந்து கடலோரத்தில் போட்டது மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று என்பது பழைய கட்சி. பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்து, இன்றைக்குத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் கடற்படுகை வெளியே தெரிந்தது. அந்த மணல்தான் கரையேறியது, கார்னெட் போன்ற இரும்புள்ள தாதுக்கள் சிதைந்து பின்னால்தான் சிவந்தது என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கலாம் என்பதே என் கட்சி. உள்நாட்டுத் தேரிகளின் மணலை ஒளிர்வு முறையில் காலக்கணிப்பு செய்தபோது ஏறத்தாழ 11,000 ஆண்டுகள் முதல் 5,600 ஆண்டுகள் வரை வந்திருக்கிறது. மணல் கடைசியாக வெயில் கண்டது எப்போது என்பதைத்தான் அந்தக் கணக்கு சொல்லும். மண்ணே எப்போது உண்டானது என்று சொல்லாது. செய்திகளில் இந்த இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள்.

இதை நீங்களே கையில் சோதித்துப் பார்க்கலாம், பிள்ளைகள் கூட வந்தால் அவர்களுக்கும் பிடிக்கும். ஒரு பிடி தேரி மணலை உள்ளங்கையில் எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். தண்ணீர் செங்கல் நிறத்தில் வடியும், கை ரேகையெல்லாம் சிவந்துவிடும், மிச்சம் நிற்கும் மணல் நிறம் வெளுக்கத் தொடங்கும். ஒரு சாதாரணக் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலில் ஓட்டினால் கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம் அதே நாள் மணப்பாடு கடற்கரைக்குப் போய் அங்கேயும் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். மணல் வெளிறியிருக்கும், கறுப்பும் கருஞ்சிவப்புமாய்க் கனிமத் துகள் வரிவரியாகப் படிந்திருக்கும். நடுவில் சில மைல்தான், ஆனால் ஒன்று இன்றைய மணல், இன்னொன்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் ஊறிய மணல்.

“கடலாக இருந்ததா” என்பதற்கு வருகிறேன். கரை முன்னும் பின்னும் நகர்ந்திருக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. ஆனால் அது தாமிரபரணி வண்டல் சேர்த்துக் கரையைத் தள்ளியதால் நடந்தது. அதை வைத்துக்கொண்டு தேரிமேடும் கடலடியாக இருந்தது என்று சொல்ல முடியாது. இங்கே இருக்கும் மேடு கடல்மட்டத்துக்கு மேல் சில இடங்களில் 50 மீட்டரையும் தாண்டும். அவ்வளவு உயரத்துக்கு மணலை ஏற்றியது காற்றுதான், அலை இல்லை. இன்னொரு கதையும் கேள்விப்படுவீர்கள். இங்கே பெரிய ஊர் ஒன்று இருந்ததாம். குற்றமே செய்யாத ஒரு பெண்ணுக்கு ராஜா மரண தண்டனை கொடுத்தானாம். அவள் விட்ட சாபத்தில் மண்மாரி பெய்து ஊரே புதைந்ததாம். மாம்பழம் ஒன்று அவள் குடத்தில் விழுந்ததுதான் வினையாயிற்று என்பார்கள். ஊருக்கு ஊர், வாய்க்கு வாய் இந்தக் கதை மாறும். வரலாறாக எடுத்துக்கொள்ளச் சான்று கிடையாது. ஆனால் வெறும் கற்பனை என்று தள்ளவும் எனக்கு மனசு வராது. மணல் நகர்ந்து தோட்டத்தையும் பாதையையும் மூடியதை இந்தச் சீமையின் ஜனங்கள் கண்ணால் பார்த்தவர்கள். 19ஆம் நூற்றாண்டு அரசுப் பதிவுகளிலேயே நகரும் மணல் ஒரு தலைவலியாக வருகிறது. மரம் நட்டு அதைப் பிடித்து நிறுத்த வனத்துறை இறங்கியதும் அதனால்தான்.

இன்றைக்குத் தேரி ஓரளவு அடங்கிக் கிடப்பதற்கு அந்த மரங்களே காரணம். பனை முதலில். அப்புறம் குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரம், கொல்லாமரம் என்று நாங்கள் சொல்லும் முந்திரி, ஓரத்துத் தோட்டங்களில் முருங்கை. உள்ளே போனால் நாலாபக்கமும் மணல் மட்டும்தான் தெரியும் என்ற எதிர்பார்ப்போடு வருபவர்களுக்கு இது ஏமாற்றம். மரமில்லாத மொட்டைத் திட்டு சில இடங்களில்தான். சினிமாக்காரர்கள் அதைத்தான் சுற்றிச் சுற்றிப் படம் பிடிக்கிறார்கள். இன்னொரு அழகு பலர் கண்ணில் படுவதில்லை. மணலில் களி கொஞ்சம் கலந்திருப்பதால், மழை கெட்டியாக அடிக்கும் ஓரங்களில் செங்குத்தாக அரித்துக்கொண்டு ஓடைகள் விழுந்திருக்கும், ஆளுயரத்துக்குக்கூட. காலை வெயில் சாய்வாக விழும்போது அந்த வெட்டுகளைப் பாருங்கள், மேட்டின் உச்சியை விட அதுதான் பார்க்கத் தகுந்தது.

அந்த அரிப்புகளில்தான் மனிதரின் பழைய தடமும் கிடைத்தது. மேல் மணல் போய், அடியிலுள்ள கெட்டிச் செம்மண் தெரியும் இடங்களில் விரல் நுனி அளவுக்குச் சின்னக் கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன, வெள்ளைக் கல்லிலும் செர்ட் என்ற கெட்டிக் கல்லிலும் செதுக்கியவை. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்திலேயே இது தெரிய வந்துவிட்டது. 1956இல் சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் திருநெல்வேலி மாவட்டத்து நுண்கற்கருவி இடங்களைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அதனால் இந்தியத் தொல்லியலில் ‘தேரிப் பண்பாடு’ என்ற பெயரே நிலைத்தது. கடல்மட்ட மாற்றத்தை வைத்து அவர்கள் போட்ட கணக்கு கி.மு. 4000 வாக்கில் வந்தது. அது மறைமுகமான கணக்கு, கருவியை நேரடியாகக் காலம் பார்த்தது இல்லை. வேட்டையும் மீன்பிடிப்புமாக வாழ்ந்தவர்கள் என்பது பொருத்தமான ஊகம். ஏன் இந்த மணலில் வந்து உட்கார்ந்தார்கள் என்று கேட்டால், தொல்லியல் தெரியாத நான்கூட ஒரு பதில் சொல்லிவிடுவேன்: பக்கத்தில் கடல், காலடியில் குடிதண்ணீர். ஒரு சின்ன வேண்டுகோள், கல் ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அது வெறும் கல்தான்.

இனி ஓரத்துக்கு வருவோம். மேலப்புதுக்குடியில் இருக்கிற அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குப் போகாமல் தேரியைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். செம்மணல் காட்டில் திடீரென்று அடர்ந்த மரக்கூட்டம், அதன் நிழலில் சுனை, சுனைக்குக் காவலாக அய்யனார். வெளியே மணலில் கால் வைக்க முடியாத மத்தியானத்தில்கூட அந்த நிழலுக்குள் நுழைந்தால் உடம்பு குளிர்ந்துவிடும். நான் மேலே சொன்ன கசிவு கண்ணுக்குத் தெரிகிற இடம் இது. வற்றவே வற்றாத சுனை என்று சொல்வார்கள். நீர்மட்டம் அளந்து பழகியவனுக்கு அந்த வார்த்தையை அப்படியே எடுக்கத் தயக்கம்தான். எந்த ஊற்றும் நல்ல மழைக்கு ஏறும், தொடர் வறட்சிக்கு இறங்கும். ஆனால் இவ்வளவு பெரிய மணல் மேடு பின்னால் இருக்கிற வரை அந்தச் சுனைக்கு மற்ற கிணறுகளை விட ஆயுசு கெட்டி, அதை நம்பிச் சொல்லலாம்.

காயாமொழியைத் தாண்டித் தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோவில். தென்மாவட்டங்களில் பல குடும்பங்களுக்கு இது குலதெய்வம். பங்குனி உத்திரத்தன்று இந்த இரண்டு கோவிலுக்கும், சுற்றுவட்டாரத்துச் சாஸ்தா கோவில்கள் எல்லாவற்றுக்கும் சென்னை, மும்பையிலிருந்தெல்லாம் சனம் வந்து இறங்கும். கற்குவேல் அய்யனாருக்கென்றே உள்ள விசேஷம் கார்த்திகை மாதக் கடைசியில் நடக்கும் கள்ளர் வெட்டு. டிசம்பர் நடுவில் வரும். கோவிலுக்குப் பின்னால் உள்ள தேரியில் கூட்டம் வட்டம் கட்டி நிற்கும். கள்ளனுக்குப் பதிலாக இளநீர் வைத்து வெட்டுவார்கள். இளநீர் சிதறி மணலில் விழுந்த அந்த நிமிஷம் காத்திருந்த சனமெல்லாம் பாய்ந்து அந்த மண்ணை அள்ளும். துணியில், பாலித்தீன் பையில், வேட்டி முனையில் முடிந்துகொண்டு போவார்கள். வீட்டில் வைத்தால் திருட்டுப் பயம் இல்லை, தோட்டத்தில் தூவினால் விளையும் என்று நம்பிக்கை. அன்றைக்கு வந்தால் தேரியை ரசிக்க முடியாது, நெரிசல் அப்படி. ஆனால் இந்த மண்ணை இந்தச் சனம் எப்படிப் பார்க்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

கசிந்து வருகிற தண்ணீர் தாழ்ந்த இடத்தில் தேங்கினால் அதற்குத் தருவை என்று பெயர். சாத்தான்குளம் வட்டாரத்தில் புத்தன் தருவை, வைரவன் தருவை என்று இரண்டு உண்டு. சடையனேரிக் கால்வாயில் தாமிரபரணி உபரித் தண்ணீர் வந்து, மழையும் ஏமாற்றாத வருஷம் என்றால் பரந்த ஏரியாக நிற்கும், பறவைகள் இறங்கும். இல்லாத வருஷம் மாடு மேயும். போகுமுன் உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பனையைப் பற்றிச் சொல்லாமல் தேரியைப் பற்றிப் பேச முடியாது. மேல்மண் காய்ந்து கிடந்தாலும் ஆழத்து ஈரத்தைத் தேடிப் பிடிக்கிற மரம் அது. ஒரு காலத்தில் இந்தச் சீமையின் வரவு செலவே அதில்தான் ஓடியது. ஏறுவதற்கான முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டி, ஒரு நாளைக்குக் காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்குவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால்தான் பதநீர், தடவாவிட்டால் கள். இறக்கிய பதநீரை விடிலி என்ற ஓலைக் குடிசையில் வைத்துக் காய்ச்சுவது பெண்கள் வேலை. பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு இப்போது புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஏறுகிற ஆள்தான் குறைந்துகொண்டே வருகிறார். இந்தக் கருப்பட்டியை நம்பிக் குலசேகரப்பட்டினத்தில் பாரி கம்பெனி ஒரு சர்க்கரை ஆலையே நடத்தியது. அதற்காக, அகலம் குறைந்த தண்டவாளம் போட்டுத் திசையன்விளையிலிருந்து திருச்செந்தூர் வரை ஒரு சின்ன ரயிலும் ஓடியது. 1910களில் தொடங்கி 1940 வரை ஓடி நின்றுபோன வண்டி. தேரி ஓரத்துச் செம்மணலில் ரயில் ஓடியது என்றால் இன்றைக்குப் பிள்ளைகள் நம்புவதில்லை.

அடுத்து இந்த மணல்வெளியின் கிறிஸ்தவ ஊர்கள். ஒவ்வொன்றையும் விவரித்தால் நீளும், மூன்றை மட்டும் சொல்கிறேன். சாத்தான்குளம் பக்கத்து முதலூர் 1799இல் டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முயற்சியில், மதம் மாறியதால் ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காக நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர். இன்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதெல்லாம் அதன் மஸ்கோத் அல்வாதான், தேங்காய்ப் பாலில் கிண்டுவது. மெய்ஞானபுரம் வெறும் மணல்காடாகக் கிடந்ததாம். ஜான் தாமஸ் என்ற மிஷனரி கிணறுகளை வெட்டித் தோப்பாக்கினார் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. அவர் கட்டிய ஆலயத்தின் ஊசிக் கோபுரம் பனைகளுக்கு மேலே வெகுதூரத்திலிருந்தே தெரியும். இடையன்குடிதான் மூன்றாவது, நேரம் இருந்தால் கட்டாயம் போக வேண்டிய இடம். ராபர்ட் கால்டுவெல் 1841இல் அங்கே வந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தத் தேரிமண்ணிலேயே கழித்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது அவர் இந்த ஊர்ப் பணியில் இருந்த காலத்தில்தான். 1847இல் அடிக்கல் போட்ட ஆலயத்தை 1880இல்தான் முடிக்க முடிந்தது, 33 வருஷம். அவர் வாழ்ந்த வீடு இன்று அரசு நினைவு இல்லம். 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள். நாடார் சமூகத்தைப் பற்றி அவர் 1849இல் எழுதியது பலத்த எதிர்ப்பைச் சந்தித்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊரில் மரியாதையும் உண்டு, அந்த மனத்தாங்கலும் உண்டு.

கடலோரத்தில் நீங்கள் எப்படியும் பார்க்கப் போகிறவை சில. திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் எல்லோரும் குளிப்பார்கள்; கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்பில்லாத தண்ணீர் எப்படி என்று வியப்பார்கள். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விட எடை குறைவு, மணலுக்குள் அதன் மேலேயே மிதந்து நிற்கும். நிலப்பக்கத்திலிருந்து வரத்து இருக்கிற வரை கடல் உள்ளே வராது. மணப்பாட்டிலும் இதையே பார்க்கலாம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அங்கே கடலைப் பார்த்து இருக்கிறது, அதற்குள் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. மேலே திருச்சிலுவை ஆலயம், திருவிழா செப்டம்பர் 14. குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு விரதம் இருந்து காளியாக, குறவனாக, போலீஸாக வேடம் கட்டி வரும் கூட்டத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் போட்டிருக்கிறார்கள்.

மணலைப் பார்க்க வருகிறவர்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மணலில் கலந்திருக்கும் கறுப்புத் துகளில் டைட்டானியம் இருக்கிறது. 2007இல் சாத்தான்குளம் பகுதியில் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலைக்காக டாடா ஸ்டீல் நிறுவனம் மாநில அரசோடு ஒப்பந்தம் போட்டது. நிலம் போகும் என்று எதிர்ப்பு கிளம்பி, திட்டம் நின்றுபோனது. மணலை அள்ளித் தாதுவைப் பிரித்துவிட்டு மிச்சத்தைத் திரும்பக் கொட்டினால் போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. கொட்டலாம், ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த அடுக்கு போய்விடும், நீர் இறங்குகிற விதமும் மாறிவிடும் என்பது என் கருத்து. எவ்வளவு மாறும் என்பதை இடத்துக்கு இடம் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். இப்போதே உடன்குடி, திருச்செந்தூர்க் கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. இறைப்பது அதிகம், ஊறுவது குறைவு. தென்னையும் வாழையும் வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

கடைசியாக, உங்கள் பயணத்துக்கு. ஆனி, ஆடி வேண்டாம். மணல் அலை அலையாக அழகாக இருக்கும், ஆனால் கண்ணில், வாயில், கேமராவில் எல்லாம் மண். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல பருவம். காலையில் ஒன்பது மணிக்குள் மணலை விட்டு வெளியே வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள். மேலப்புதுக்குடியும் தேரிக்குடியிருப்பும் திருச்செந்தூரிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள்தான். இரண்டு கோவிலையும் முடித்துக்கொண்டு மணப்பாட்டில் பொழுது சாய்வதைப் பார்க்கலாம், அரை நாள் போதும். இடையன்குடியைச் சேர்த்தால் முழு நாள். குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. கோவில் பாதையை விட்டு ரொம்ப உள்ளே போகாதீர்கள். எல்லாத் திட்டும் ஒரே மாதிரி இருப்பதால் திசை தவறுவது சுலபம். வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்துங்கள், மணலில் இறக்கினால் இழுக்க டிராக்டர்தான் வர வேண்டும். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், காலி பாட்டிலையும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். கருப்பட்டி வாங்குவதானால் ரோட்டோரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளாதீர்கள். ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனிக் கற்கள் மினுங்கினால், இல்லை நாக்கில் வைத்ததும் வெறும் இனிப்பு மட்டும் தெரிந்து லேசான கரிப்பு தட்டாவிட்டால், அடுத்த கடைக்குப் போங்கள்.